மூக்குக்குத் தாய்மாமன் சம்மதம்

காளியாத்தாளின் மூக்கு உடைந்த சத்தம் வேலந்தாவளம் செக்போஸ்ட் வரைக்கும் கேட்டது என்று எலப்புள்ளியில் இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் எத்தனையோ தென்னந்தோப்பு, இரண்டு ரைஸ்மில், ஒரு பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கின்றன. இருந்தாலும் அந்தச் சத்தத்தைக் கேட்காத ஆள் என்று ஒருவரைக்கூட இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

உடைத்தவர் எதிரி அல்ல. கட்டின புருஷன் மாரப்பன். அதுவும் கும்மியில்.

வள்ளி கும்மி பழகும் காய்ச்சல் எலப்புள்ளிக்கும் வந்து மூன்று வருஷமாயிற்று. சாயங்காலம் கோயில் மைதானத்தில் அறுபத்திரண்டு பேர் வட்டமாக நின்று, பாட்டுக்குக் கைதட்டி, காலை மாற்றிப் போட்டுச் சுழல்வார்கள். அதில் முதல் குரல் காளியாத்தாள். அவள் ஒரு மூச்சில் ஆறு அடி பாடுவாள். அவள் இழுத்துவிட்ட மூச்சில் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணி ஒரு முறை இந்தப் பக்கம் வந்து போகும். மாரப்பன் வெறும் அறுபத்திரண்டாவது ஆள். ஒரு நாள் அறுபத்தொரு பேரும் வலப்பக்கம் திரும்பினார்கள். மாரப்பன் இடப்பக்கம் திரும்பினார். முப்பது வருஷம் கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்கி இறக்கிய முழங்கை அது. "நானு கையச் சும்மா காத்துலதான் வெச்சிருந்தனுங்க, மூக்குத்தான் வந்துச்சு," என்பது அவர் தரப்பு.

வீக்கம் வற்றியபோது மூக்குத் தண்டும் வற்றிவிட்டது. நடுவரப்பு இடிந்த வயல் மாதிரி பள்ளமாகிவிட்டது. மூக்குக் கண்ணாடி நிற்காமல் வழுக்கிக்கொண்டு உதட்டில் வந்து உட்கார்ந்தது. வாசனை போயிற்று. இதையெல்லாம்கூடக் காளியாத்தாள் பொறுத்துக்கொண்டாள். பாட்டில் ஒன்றரை அடி முடிவதற்குள் மூச்சுக்கு வாயைத் திறக்கவேண்டி வந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பதினான்கு மாதமாக அவள் இரண்டாவது வரிசையில் நின்று வெறுமனே கைதட்டினாள். முதல் குரல் மாரீஸ்வரிக்குப் போயிருந்தது. மாரீஸ்வரிக்கு மூச்சு உண்டு, சுருதி கிடையாது.

"தையில கொழிஞ்சாம்பாறையில அரங்கேத்தமுங்க அக்கா. அதுக்குள்ள உங்களுக்கு மூச்சு வந்துட்டா நீங்கதான். வராட்டி மாரீஸ்வரி," என்று கும்மி ஆசிரியர் ஐப்பசி முதல் வாரத்தில் சொல்லிவிட்டார்.

மறுநாளே காளியாத்தாள் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்சிபா முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் மாரப்பன். இடப்பக்கம் மகள் மௌனிகா, கோயம்புத்தூரில் வேலையிலிருந்து லீவு போட்டு வந்தவள்.

எப்சிபா மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். மூக்கு வேலையில் இருபத்திரண்டு வருஷம். எதற்கும் ஆச்சரியப்பட மாட்டார் என்று பெயர் வாங்கியவர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிற தண்டு சரிஞ்சிருச்சும்மா. ஒரு முட்டுக் குடுத்துத் தூக்கணும்," என்றார்.

"வாழைக்கு முட்டுக் குடுக்கற மாதிரிங்களா?" என்றார் மாரப்பன்.

"அதேதான்."

அந்த நிமிஷத்திலிருந்து மாரப்பன் தன்னையும் பாதி டாக்டராகக் கருதிக்கொண்டார். அவருக்கு ஆயிரத்து இருநூறு நேந்திரன் வாழை இருந்தது.

"முட்டு எதுல வைக்கிறதுங்கிறதுதான் கேள்வி," என்றார் எப்சிபா. "முதல்ல பாக்கிறது மூக்குக்குள்ளயே இருக்கிற நடுச்சுவர்க் குருத்தெலும்பு. பக்கத்திலேயே கிடைக்கும், வேற எங்கயும் வெட்ட வேண்டாம். ஆனா இவங்களுக்கு அது தூளாப் போயிருக்கு. எதுலம்மா இடிச்சீங்க, லாரியா?"

மூன்று பேரும் மாரப்பனைப் பார்த்தார்கள். மாரப்பன் மின்விசிறியைப் பார்த்தார்.

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து வெள்ளையாக, வழுவழுவென்று, வெள்ளரிப் பிஞ்சு மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். "இது சிலிக்கான். ரெடிமேடு. வேலை சுலபம், வேற காயம் கிடையாது. ஆனா உடம்புக்கு இது வெளி ஆளு. சில பேருக்குச் சீழ் பிடிக்கும். சில பேருக்குப் பத்து வருஷம் கழிச்சுக்கூடத் தோலைத் தள்ளிக்கிட்டு வெளிய எட்டிப் பாக்கும்."

மாரப்பன் அதை எடுத்து வளைத்துப் பார்த்தார், நகத்தால் கீறினார், காதருகே வைத்துத் தட்டினார். "பைப்புன்னா ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்குமுங்க. இதுக்குக் கம்பெனி கேரண்டி எத்தன வருசமுங்க?"

"அப்பா, அதக் கீழ வையுங்க," என்றாள் மௌனிகா.

"அடுத்தது தானமா வந்த விலாக் குருத்தெலும்பு," என்றார் டாக்டர். "இறந்துபோனவங்க குடுத்தது. சுத்தம் பண்ணிப் பதப்படுத்தி வரும். சில சமயம் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சும் போகும்."

மாரப்பன் சிலிக்கானைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எந்தக் கூட்டமுங்க?"

டாக்டருக்குப் புரியவில்லை. மௌனிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லீங், எங்க சனத்துல கூட்டம் கூட்டமா இருப்போமுங்க. ஒரே கூட்டத்துல பொறந்தவங்க அண்ணன் தங்கச்சி. கட்டிக்க மாட்டோம். இப்ப அந்த விலா எங்க கூட்டத்து ஆளோடதா இருந்துபோச்சுன்னு வெச்சுக்குங்க. இவ மூக்கு எனக்குத் தங்கச்சி முறை ஆயிருமில்லீங்களா? முப்பது வருசம் குடும்பம் பண்ணியாச்சு. இனிமேப்பட்டு மூக்கு மட்டும் தங்கச்சின்னா எப்படிங்க?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எப்சிபாவின் பேனா நடுவழியில் நின்றது.

"பேரு விவரமெல்லாம் வராதுங்க," என்றார் கடைசியில்.

"பேரு வேண்டாமுங்க. கூட்டம் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"அப்பா, அது வெளிநாட்டுல இருந்துகூட வரும்."

"வெளிநாட்டுல நம்ம கூட்டம் இல்லேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தானமாக வந்த விலா அத்துடன் தள்ளுபடியாயிற்று.

"சரி, இவங்க சொந்த விலாவே இருக்கு," என்றார் டாக்டர். "நல்ல பலம், வேண்டிய அளவுக்குக் கிடைக்கும். மார்புக்குக் கீழ ஒரு சின்னக் கீறல். ஆனா ஆறு வாரத்துக்கு இருமுனா வலிக்கும், சிரிச்சா வலிக்கும், மூச்சை இழுத்து விட்டா வலிக்கும். குனிஞ்சு நிமிர்ற வேலை ரெண்டு மூணு மாசம் கூடாது."

அதுவரை வாயே திறக்காமலிருந்த காளியாத்தாள், மூச்சுக்காகத் திறந்தது போக மற்றபடி, இப்போது பேசினாள்.

"கும்மி அடிக்கலாமுங்களா?"

"கும்மியா?"

"பாடிக்கிட்டே குதிக்கோணுமுங்க. குனிஞ்சு நிமிரோணும். மூணு மணி நேரம். தையில."

எப்சிபா காலண்டரைப் பார்த்தார். "விலான்னா தையில கஷ்டம்தாம்மா."

"வேற?"

"காது இருக்கு. காதுக்குப் பின்னால கீறி, உள்ள கிண்ணம் மாதிரி இருக்கிற இடத்துல இருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுப்போம். காது வடிவம் மாறாது. தோடு போடுற இடத்தைத் தொடவே மாட்டோம். ரெண்டு வாரத்துல ஆறிரும். விலா அளவுக்குப் பலம்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க பள்ளம் அவ்வளவு ஆழமில்ல. ஒரு காதே போதும்னு நினைக்கேன்."

"எடுத்துக்குங்க," என்றாள் காளியாத்தாள்.

அரைக் கிலோ கத்தரிக்காய் பொறுக்க அவள் கால் மணி நேரம் எடுப்பாள். காதைக் கொடுக்க மூன்று விநாடிகூட ஆகவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் என்று குறித்தார்கள். நர்ஸ் சம்மதபத்திரத்தை நீட்டினாள். நோயாளி ஒப்பு, உறவினர் ஒப்பு என்று கையெழுத்துக்கு இரண்டு இடம், அதற்குப் பக்கத்தில் என்ன உறவு என்று எழுத 'பந்தம்' என்று ஒரு கட்டம். காளியாத்தாள் கையெழுத்துப் போட்டாள். மாரப்பன் பேனாவை வாங்கினார். பேனா காகிதத்துக்கு அரை அங்குலம் மேலே நின்றது.

"ஏனுங்க, காதுன்னா மாமனில்ல கையெழுத்துப் போடோணும்?"

சொன்னவர் மாரப்பன்தான் என்றாலும், காளியாத்தாளுக்கும் திக்கென்றது. காது குத்துவது தாய்மாமன் மடியில். மாமன் வந்து உட்கார்ந்தால்தான் ஊசியே வெளியில் வரும். அவள் காதைக் குத்தியது காந்தலூர் குருசாமி மாமன் மடியில். அம்மாவின் அண்ணன். காதுக்குப் பொன்னும் அவர் போட்டதுதான். அந்தக் காதில் கை வைக்கப்போகிற சமாசாரம் அவருக்குத் தெரியாது.

"மாமன் வேண்டாம், புருஷன் போதும்," என்றார் எப்சிபா.

மாரப்பன் கையெழுத்தைப் போட்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. மருந்துக் கடை ஜன்னலோரம் போய் நின்று காந்தலூருக்குப் போன் போட்டார். மோட்டார் அறையிலிருந்து எட்டு ஏக்கருக்கு அப்பால் நிற்கும் ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

"எலப்புள்ளி மாரப்பன் பேசறனுங்க! காளியாத்தா காத அறுக்கறோமுங்க! வர்ற வேசாளக்கெழமை! உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடலாமுன்னு..."

அந்த இடத்தில் காந்தலூரில் டவர் போய்விட்டது. மலையில் அது வழக்கம்தான். திரும்பி வந்ததும், கேட்ட பாதிச் சேதி அங்கிருந்து சொந்தபந்தத்துக்கெல்லாம் கிளம்பிற்று.

மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட் கீழே வந்து சேருவதற்குள் காளியாத்தாளுக்கு நாற்பத்து மூன்று போன் வந்துவிட்டது. உடுமலையிலிருந்து அழுதார்கள். பொள்ளாச்சியிலிருந்து, "நகைக்கா, சண்டைக்கா?" என்று கேட்டார்கள். மஸ்கட்டிலிருந்து ஒருத்தி வீடியோவில் வந்து, "அக்கா, ரெண்டு காதையும் இப்படித் திருப்பிக் காட்டு," என்றாள். காளியாத்தாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று இடக்காது வலக்காது இரண்டையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்களும் பார்த்துக்கொண்டார்கள்.

நாற்பத்து நான்காவது போன் குருசாமி மாமனுடையது. ஒரே வாக்கியம்.

"என்ர மடியில குத்துன காத என்னக் கேக்காம அறுக்கட்டும் பாக்கலாம், ஆஸ்பத்திரி வாசல்ல குறுக்கப் படுத்துக்கறேன்."

அது சும்மா மிரட்டல் அல்ல. முன்பு ஒருமுறை பூண்டு மூட்டையை ஏற்றமாட்டேன் என்ற பஸ்ஸுக்கு முன்னால் மறையூரில் படுத்தவர் அவர். பஸ் நான்கு மணி நேரம் நின்றது. கண்டக்டர் அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரில் கோழிப்பண்ணை வைத்துவிட்டதாகக் கேள்வி.

ஆபரேஷன் தள்ளிப்போனால் தை போய்விடும். காளியாத்தாள் சனிக்கிழமை காலையில் காரில் ஏறினாள். மௌனிகா ஓட்டினாள். பொள்ளாச்சி, உடுமலை தாண்டி, சின்னாறு காட்டு ரோட்டில் ஒரு யானை நாற்பது நிமிஷம் குறுக்கே நின்றது. மாரப்பன் அதன் தும்பிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தன நீளத்துக்கும் உள்ள ஒரு எலும்புகூட இல்லியாமா. எப்படித்தான் நிக்குதோ?" என்றார்.

யானை நகர்ந்ததும் மௌனிகா வண்டியை எடுத்தாள்.

குருசாமி மாமனுக்கு எண்பத்தொரு வயது. அவரைக்கொடிக்கு ஊன்றிய குச்சி மாதிரி இருப்பார். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், அதற்கு மேல் இன்னொரு மஃப்ளர். நாற்பது வருஷத்துக்கு முன் காந்தலூரில் நிலம் வாங்கிப் பூண்டு போட்டவர். அவர் வீட்டு விட்டத்திலிருந்து பூண்டுக் கொத்துகள் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வாசனைக்கு மலைப்பாதையின் நான்காவது வளைவிலேயே கார் தும்ம ஆரம்பித்துவிடும் என்பார்கள்.

காளியாத்தாள் வாசற்படியில் நின்று மூச்சை இழுத்தாள். ஒன்றும் வரவில்லை.

"வா அம்மிணி," என்றார் மாமன். "காது இருக்குதா?"

காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் தடவிப் பார்த்து, உள்ளதுதான் என்று திருப்தியானார். பிறகு மாரப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க கல்யாணப் பந்தியில எனக்கு எத்தனாவது எலையில பாயசம் ஊத்துனீங்க?"

"தெரியலீங்க," என்றார் மாரப்பன்.

"ஏழாவது. தாய்மாமனுக்கு ஏழாவது எலை. முந்தி ஆறு பேர் குடிச்சதுக்குப் பொறகு. அன்னைக்கு ஒண்ணும் பேசுல நானு. இன்னைக்குக் காது வரைக்கும் வந்துட்டீங்க."

முப்பது வருஷமாக அந்தப் பாயசத்தை ஆறவிடாமல் வைத்திருந்தார் மனுஷன்.

மௌனிகா பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். அறுப்பது இல்லை, பின்பக்கம் ஒரு சின்னக் கீறல். எடுப்பது ஒரு வெற்றிலைக் காம்பு அளவு. காது அப்படியே இருக்கும். மாமன் கண்ணை மூடிக் கேட்டார்.

"எதுக்குப் புள்ளயோட காது? என்ர விலாவ எடுத்துக்கச் சொல்லு. மாமன் சீரா இருந்துட்டுப் போகட்டும். வெத்தல பாக்கு, பழம், தேங்கா, ஒரு விலா. தட்டத்துல வெச்சுக் குடுத்தர்றேன்."

மௌனிகா வேறு வழியில்லாமல் டாக்டரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். நல்லவேளையாக டவர் இருந்தது.

"உயிரோட இருக்கிறவங்க விலாவை இன்னொருத்தருக்கு வைக்கிற வழக்கம் இல்லீங்க," என்றார் எப்சிபா. "அதுவும் போக, எம்பத்தொரு வயசுல அந்தக் குருத்தெலும்பு எலும்பாவே இறுகிப் போயிருக்கும். கத்தி இறங்காது."

மாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டீங்களா? கத்தி எறங்காதாமா. டாக்டரே சொல்றாங்க." அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. விலாவைப் பற்றிய பேச்சில் தனக்குக் கௌரவம் கிடைத்துவிட்டதால் அதை விட்டுவிட்டார். காதை மட்டும் விடவில்லை.

"மூக்கு இப்படி இருந்தா என்ன இப்ப? பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

காளியாத்தாள் எழுந்துபோய் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"அழகுக்கு இல்லீங்க மாமா. மூச்சு வேணும். ஆறு அடி பாடுவன் நானு. இப்ப ஒண்ணரை அடியில மீனாட்டம் வாயத் தொறக்கறேன். அந்த மாரீஸ்வரி பாடறதுக்கு நானு கை தட்டிக்கிட்டு நிக்கறேன். பதினாலு மாசமா." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "இங்க வந்து உங்கூட்டுப் பூண்டு வாசம்கூட வரலீங்க மாமா."

மாமன் குல்லாவைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"எது வரல?"

"பூண்டு வாசம்."

மாமன் எழுந்து விட்டத்திலிருந்து ஒரு பூண்டைப் பறித்தார். ஒரு பல்லை உரித்து, அம்மிக் குழவியால் நசுக்கி, அவள் மூக்குக்கு நேரே பிடித்தார். மௌனிகாவுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. மாரப்பன் இரண்டடி பின்னால் போனார். முற்றத்தில் நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போயிற்று.

காளியாத்தாள் மாமன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். இல்லை.

"என்ர பூண்டா?" என்றார் மாமன். "கவருமெண்டு முத்திரை குடுத்த பூண்டு அம்மிணி இது. டெல்லி வரைக்கும் போயிட்டு வந்த பூண்டு."

"தெரியுமுங்க மாமா."

மாமன் நசுங்கிய பூண்டைத் தானே ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். பாயசத்துக்கு முப்பது வருஷம் பிடித்த மனுஷனுக்குப் பூண்டுக்கு மூன்று நிமிஷம்தான் பிடித்தது.

"இடக்காத எடுத்துக்கச் சொல்லு," என்றார். "ஆனா ஒண்ணு. என்ர மடியிலதான் நடக்கோணும். குத்துனது மடியில, கீறறதும் மடியில."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்று ஜீப் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. ஏழு தட்டம் இறங்கிற்று. ஆரஞ்சு, பேஷன் பழம், காரட், தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு பட்டுச் சேலை, ஒரு தட்டம் முழுக்கக் கோபுரமாகப் பூண்டு. வாசல் காவலர் ஜோஜோ கையை நீட்டி மறித்தார்.

"அய்யா, இது ஆஸ்பத்திரியாக்கும். கல்யாண மண்டபம் அடுத்த கேட்டு."

"கல்யாணத்துக்கு வரல. காதுக்கு வந்திருக்கோம்," என்றார் மாமன்.

வந்து இறங்கிய இருபத்தோரு பேரில் இரண்டு பேரைத்தான் உள்ளே விடுவேன் என்றார் ஜோஜோ. பேச்சுவார்த்தையில் மாமனும் பூண்டுத் தட்டமும் உள்ளே போவதாக முடிவாயிற்று.

எப்சிபாவிடம் மௌனிகா முதல் நாளே காலில் விழாத குறையாகப் பேசி வைத்திருந்தாள். "மயக்கம் குடுத்து, குழாய் போட்டுச் செய்யுற வேலை இது. மடியில எப்படிம்மா?" என்று கேட்ட டாக்டர், கொஞ்சம் யோசித்துவிட்டு, கீறுவதற்கு முன்னால் காதுக்குப் பின்னால் பேனாவால் கோடு போடுவது வழக்கம், அதைத் தியேட்டருக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம், அது மடியில் நடக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். "அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஒரு விநாடி கிடையாது."

முதல் நான்கு நிமிஷம் கிழக்கு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதில் போயிற்று. நாற்காலியைத் திருப்பினார்கள். மருந்துப் பாட்டில் மாட்டும் கம்பியை நகர்த்தினார்கள். பக்கத்தில் பல் ஆபரேஷனுக்காகக் காத்திருந்த ஒருவர், வாய் மரத்துப்போன நிலையிலும், கை காட்டிக் கிழக்கு சொன்னார்.

மாமன் குல்லாவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிப் பச்சை அங்கியில் காளியாத்தாள் வந்தாள். அவள் எழுபத்தெட்டு கிலோ. மாமன், இரண்டு மஃப்ளரையும் சேர்த்து, நாற்பத்தைந்து. அவள் எடையைத் தன் கால்களிலேயே தாங்கிக்கொண்டு, மடியைத் தொட்டும் தொடாமலும் அந்தரத்தில் நின்றாள். கும்மி அடித்த தொடைகள், அதனால் முடிந்தது.

"நல்லா உக்காரு அம்மிணி. மாமன் மடி தாங்கும்."

"பரவாயில்லீங்க மாமா."

"உக்காருன்னு சொல்றனில்ல?"

காளியாத்தாள் உட்கார்ந்தாள்.

மாமன் முகத்தில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. கண்கள் கொஞ்சம் பெரிதாயின. மூச்சு எங்கோ போயிற்று. ஆனால் வாய் திறந்தபோது குரல் மட்டும் அசையவில்லை.

"போடுங்க டாக்டரு."

எப்சிபா இடக்காதை மடக்கி, ஊதா மையால் பின்னால் ஒரு கோடு போட்டார். மாமன் ஒரு தேங்காயை உடைக்க வேண்டும் என்றார். டாக்டர் கூடாது என்றார். மாமன் வற்புறுத்தவில்லை, அவருக்குப் பேச்சு வரவில்லை.

காளியாத்தாள் எழுந்தாள். மாமன் எழவில்லை.

அவரை அப்படியே சக்கர நாற்காலிக்கு மாற்றி எக்ஸ்ரேக்குக் கொண்டுபோனார்கள். எங்கும் முறிவு இல்லை. இரண்டு காலும் மரத்திருந்தது அவ்வளவுதான். உணர்வு இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. அந்த எக்ஸ்ரேயை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். காந்தலூரில் இன்றைக்கும் யார் போனாலும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். போவதற்கு முன் சம்மதபத்திரத்தில் மாரப்பன் கையெழுத்துக்குக் கீழே தானும் ஒரு கையெழுத்தைப் போட்டு, 'பந்தம்' என்ற கட்டத்தில் 'மடி' என்று எழுதினார்.

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம். ஒரு காதே போதுமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து எப்சிபா மூக்கின் மேலிருந்த கட்டைப் பிரித்தார். மௌனிகா கண்ணாடியைப் பிடித்தாள். கொஞ்சம் வீங்கி, கொஞ்சம் மஞ்சளாக, ஆனால் நடுவில் நேராக ஒரு வரப்பு நின்றது. காளியாத்தாள் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"வாயை மூடிக்கிட்டு மெல்ல மூச்சை இழுங்க," என்றார் டாக்டர்.

இழுத்தாள். உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. பதினான்கு மாதமாகச் சாத்திக் கிடந்த வீட்டில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறப்பது போல இருந்தது. அவள் கண் நிறைந்தது. பிறகு மெதுவாக மாரப்பன் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரம்மா, இவருகிட்டப் பூண்டு வாசம் அடிக்குதுங்க."

ஒரு தட்டம் பூண்டை வீணாக்கக்கூடாது என்று அந்த வாரம் முழுக்க மாரப்பன் மூன்று வேளையும் அதையே தின்றிருந்தார்.

"எனக்கு நீங்க உள்ள வந்ததுலயிருந்தே அடிக்குதும்மா," என்றார் எப்சிபா. எதற்கும் ஆச்சரியப்படாத முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது.

தை மாதம் கொழிஞ்சாம்பாறையில் அரங்கேற்றம். நாலாயிரம் பேர் என்று போலீஸ் சொன்னது. பத்தாயிரத்துக்கு ஒரு தலை குறைந்தாலும் எலப்புள்ளிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதல் வரிசையில் நடுநாற்காலி குருசாமி மாமனுக்கு. பந்தியில் முதல் இலை அவருக்கு. பாயசம் ஊற்றியபோது அவர் இரண்டு பக்கமும் திரும்பி, வேறு எந்த இலையிலும் இன்னும் ஊற்றவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, பிறகே கையை வைத்தார்.

முதல் குரல் காளியாத்தாள். மைக்கைப் பிடித்தாள், வாயை மூடினாள், மூக்கால் இழுத்தாள். ஆறு அடி. நிறுத்துவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். ஏழு, எட்டு. மாரீஸ்வரி கைதட்டுவதை மறந்தாள். ஒன்பதாவது அடி முடிந்தபோது அவளைத் தவிர மைதானத்தில் வேறு யாருக்கும் மூச்சு இல்லை.

மாரப்பனுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். வட்டத்துக்கு வெளியே, பன்னிரண்டடி தள்ளி, சுண்ணாம்புப் பொடியால் தனியாக ஒரு சின்ன வட்டம் போட்டு. இரண்டாவது பாட்டில் எல்லோரும் வலப்பக்கம் திரும்பினார்கள். மாரப்பன் இடப்பக்கம் திரும்பினார். முழங்கை காற்றில் போய்க் காற்றோடு வந்தது.

ஆட்டம் முடிந்து மாமனுக்குச் சேலை நுனியால் விசிறிக்கொண்டு நின்றாள் காளியாத்தாள். மாமன் அவள் மூக்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது இனி எங்கூட்டு மூக்கு," என்றார். "வலக்காது அப்படியே இருக்குது. வேணுமுன்னா சொல்லு, மடி ரெடி."

காளியாத்தாள் அவர் மடியைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற மாரப்பனின் முழங்கையைப் பார்த்தாள்.

"வேண்டி வராதுங்க மாமா," என்றாள்.

மாரப்பன் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார்.